கடைசி வரியிலிருந்து

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
3-11-1933

மூன்று பள்ளிக்கூடங்களின் மேற்பார்வையாளர் ஸ்ரீமதி விசாலாக்ஷி அம்மாள் அவர்களுக்கு, மூன்றாம் வகுப்பு உபாத்தியாயினி அஃப்சருன்னிசா எழுதுவது.

இப்படி எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ட்ரெயினிங் பள்ளியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் "நீ" என்று எழுதலாம்தான். இன்றைக்கு மனசு வரவில்லை.

என் மகள் அமீனாவுக்குச் சின்னம்மை. வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று பதினைந்து நாளாக நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. நேற்று ஆயா கன்னியம்மா மழையில் நனைந்துகொண்டு வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று ஒரு காகிதத்தை நீட்டினாள். "இன்னாம்மா, உன்னியப் பத்தி அந்த மாம்பலத்தம்மா என்னாமோ எழுதி வெச்சிட்டுப் போய்க்கீது. பெரிய டீச்சர் உங்கிட்ட குடுக்கச் சொல்லிச்சு" என்றாள். புதன்கிழமை நீங்கள் விஸிட்டர் புத்தகத்தில் எழுதியதைத் தலைமை உபாத்தியாயினி கோமளம்மாள் நகல் எடுத்து அனுப்பியிருந்தார். மறந்துபோயிருந்தால் இதோ:

"மூன்றாம் வகுப்புக் காப்பி நோட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரிகள் மிக அழகு. கீழே வர வரக் கையெழுத்து கெடுகிறது. பிள்ளைகள் எழுதும்போது உபாத்தியாயினி கவனிப்பதில்லை. அவருடைய தாய்மொழியின் எழுத்து வலமிருந்து இடமாகப் போவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்."

அம்மணி, அந்தப் பிள்ளைகள் கடைசி வரியில் தொடங்கி மேலே எழுதிக்கொண்டு போகிறவர்கள். நீங்கள் முடிவு என்று பார்த்தது தொடக்கம். ஒரு பிள்ளையையாவது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். இருபத்தாறு பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், ஊமைகள் இல்லை.

பள்ளிக்கூடத்தை நடத்தும் சபை 25-ந் தேதி கூடுகிறது. உங்கள் நாலு வரியைக் காட்டி என்னை வேலையிலிருந்து நீக்கப்போவதாகக் காரியதரிசி வேதாந்தம் கோமளம்மாளிடம் சொல்லிவிட்டாராம். எனக்கு இந்த வகுப்பு வேண்டும். அதைச் சொல்வதற்கு வெட்கமில்லை.

அஃப்சருன்னிசா

*

மாம்பலம்
6-11-1933

அன்புள்ள அஃப்சர்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஸ்ரீமதியும் அம்மாளும் அவர்களும் பட்டாசு மாதிரி வெடித்தன. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் இது வேறு என்று எனக்கும் வருத்தம்தான். அமீனாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். பக்கத்தின் அடியிலிருந்து எழுதச் சொல்லி நீ யாருக்காவது தெரிவித்தாயா? நோட்டில் ஒரு குறிப்பு உண்டா? கோமளம்மாளுக்கே தெரியாது. உலகத்தில் யாராயிருந்தாலும் பக்கத்தை மேலிருந்துதானே பார்ப்பார்கள்? நான் பன்னிரண்டு நோட்டுகளைப் புரட்டினேன். பன்னிரண்டிலும் மேலே முத்துமுத்தாக, கீழே கோழி கிளறினாற்போல. கண்டதை எழுதினேன். மேற்பார்வை என்றால் அதுதான் வேலை.

எழுத்தின் திசையைப் பற்றி எழுதியது பொதுவான அபிப்பிராயம். அதில் வேறு எண்ணம் இல்லை. நீ அப்படி எடுத்துக்கொள்வாய் என்று தோன்றவில்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். சபை என்னை ஆறு மாதத்துக்குத்தான் வைத்திருக்கிறது. ஜனவரியில் வேலையை நிரந்தரம் செய்வார்கள், அல்லது போகச் சொல்வார்கள். அண்ணா வீட்டில் நான் எத்தனை நாளைக்கு விருந்தாளியாக இருப்பது? மன்னி வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் எல்லாம் தெரிகிறது. எழுதிய மறுவாரமே எழுதியது தப்பென்று போய் நின்றால் என்னை யார் மதிப்பார்கள்?

கோபம் ஆறியபின் எழுது.

விசாலம்

*

கச்சேரி ரோடு
9-11-1933

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

ஆறவில்லை. அமீனாவுக்குக் கொப்புளம் காய்ந்து உதிர்கிறது. இரவெல்லாம் சொறியக் கூடாதென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பகலில் உங்களோடு மனசுக்குள் சண்டை போடுகிறேன்.

சரி, யாருக்கும் சொல்லாதது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

பிள்ளைகள் காப்பி எழுதுவதை நீங்கள் என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? பக்கத்தின் தலையில் நான் ஒரு மாதிரி வரி எழுதித் தருகிறேன். பிள்ளை அதைப் பார்த்து முதல் வரியை எழுதும். இரண்டாவது வரி எழுதும்போது மாதிரியைப் பார்க்காது. கிட்டே இருப்பது தான் எழுதிய வரி, அதைத்தான் பார்க்கும். மூன்றாவதுக்கு இரண்டாவதைப் பார்க்கும். ஜானு என்று ஒரு பெண், சித்திரக்குளத்துப் பக்கத்திலிருந்து வருகிறவள். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று கொடுத்தால் முதல் வரியில் ழகரத்துக்கு வால் ஒழுங்காக இருக்கும். ஆறாவது வரியில் பாதி வால். பத்தாவதில் வாலே இருக்காது. தன் தப்பையே மாதிரியாக வைத்துக்கொண்டு பத்து தரம் எழுதிப் பழகிவிட்டாள். இரண்டு வருஷமாக எல்லாரும் அவளுக்குக் குட்டு வைத்தார்களே தவிர, அவள் கண் எங்கே போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால்தான் அடியிலிருந்து எழுதச் சொன்னேன். எழுதிய வரியின் மேல் மை உறிஞ்சும் பிளாட்டிங் காகிதத்தை வைத்து, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு அதற்கு மேல் வரியை எழுத வேண்டும். தான் எழுதியது கண்ணில் படாது. கையில் மையும் ஒட்டாது. ஒவ்வொரு வரிக்கும் மாதிரி கிட்டே வந்துகொண்டே இருக்கும். ஜூலையில் தொடங்கினோம். ஜானுவின் ழகரத்தைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. என் தாய்மொழி வலமிருந்து இடம் போகிறது. கீழேயிருந்து மேலே போகவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எந்த எண்ணமும் இல்லாமல் எழுதினேன் என்கிறீர்கள். எண்ணம் இல்லாத வரி பேனாவுக்குள் எப்படி வந்தது? தமிழ்ப் பரீட்சையில் நான் உங்களைவிட ஒன்பது மார்க்கு அதிகம் வாங்கியவள். அது உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போங்கள். நிற்காதீர்கள், பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள்.

அஃப்சருன்னிசா

*

மாம்பலம்
14-11-1933

அன்புள்ள அஃப்சர்,

நேற்றுப் போனேன். மாம்பலத்தில் பாதித் தெரு தண்ணீர். புடவைத் தலைப்பிலிருந்து சொட்டச் சொட்டத்தான் பஸ் ஏறினேன். சாந்தோமில் இறங்கும்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது. போனேன்.

தரையில் உட்கார்ந்தேன். ஒரு நோட்டை வாங்கி மாதிரி வரியின் கீழேயே எழுதத் தொடங்கினேன். ஜஹீதா என்கிற வாயாடி எழுந்து வந்து, "இன்னா டீச்சர், மேலர்ந்து எழுதுறீங்கோ? கடேசி கோட்டுக்குப் போங்கோ" என்று என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஜானு தன்னுடைய பிளாட்டிங் காகிதத்தை எனக்குத் தந்தாள். "இத வெச்சுக்காம எழுதப்படாது. எங்க டீச்சர் கோவிச்சுப்பா" என்றாள். பத்து வரி எழுதினேன். காகிதத்தை எடுத்துப் பார்த்தால், அடி வரி என் வழக்கமான கிறுக்கல். மேல் வரி எனக்கே என்னுடையது என்று தோன்றவில்லை. சிரிப்பு வந்தது. பிறகு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒரு வெட்கம் வந்தது.

"எங்க டீச்சர் எப்போ வருவா?" என்று ஐந்து பேர் கேட்டார்கள். ஜானு மட்டும், "அவாளை அனுப்பிட்டாளா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று நேற்றிலிருந்து வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திசை வரி என்னுடையது இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்தபோது வேதாந்தம் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "அவா எழுத்தே தலைகீழாச்சே, வேற எப்படி வரும்? அதையும் போடுங்கோ" என்று சிரித்தார். போட்டேன். அவர் கையில்தான் என் ஜனவரி இருக்கிறது என்று நினைத்துப் போட்டேன். அவர் சொன்னார் என்று உன்னிடம் சொல்வதால் என் பங்கு குறையவில்லை. எழுதிய கை என்னுடையது.

25-ந் தேதிக்கு முன் விஸிட்டர் புத்தகத்தில் திருத்தம் எழுதுவேன். சபையிலும் பேசுவேன்.

விசாலம்

*

மாம்பலம்
26-11-1933

அஃப்சர்,

ஜெயித்தாயிற்று. வெள்ளிக்கிழமையே புத்தகத்தில், முன்பு எழுதியதன் கீழே ஆறு வரி எழுதினேன். உன் முறையை விவரித்து, "முன் அபிப்பிராயம் முறையை அறியாமல் எழுதப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டேன். நேற்றுச் சபையில் ஜானுவின் ஜூலை நோட்டையும் நவம்பர் நோட்டையும் எடுத்துப்போய்க் காட்டினேன். கிச்சா என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த வக்கீல் கிழவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பேஷ், என் பேரனையும் இப்படி எழுத வெக்கணும்" என்றார். உன் வேலை உனக்கே.

அமீனாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டதாகக் கன்னியம்மா சொன்னாள். நாளைக்கே வகுப்புக்குப் போ. பிள்ளைகள் பறக்கிறார்கள்.

விசாலம்

*

கச்சேரி ரோடு
27-11-1933

விசாலம்,

போனேன். பிள்ளைகள் என் புடவையைப் பிய்த்துவிட்டார்கள். அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு கோமளம்மாள் அறையில் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். உன் ஆறு வரி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே அந்த வரி அப்படியே இருக்கிறது. கீழே எழுதிய ஆறு வரியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முறையை அறியாமல் எழுதியதாக ஒப்புக்கொண்டாய். என் தாய்மொழியை எதை அறியாமல் எழுதினாய்?

அடுத்த வருஷம் வேறொரு மேற்பார்வையாளர் வருவார். புத்தகத்தைத் திறப்பார். மேலே உள்ளதைப் படிப்பார். கீழே வரை படிக்கப் பொறுமை இருக்குமா? உனக்கே இருக்கவில்லை. வகுப்பில் பதினொரு பிள்ளைகள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். நாளைக்கு ஜஹீதாவின் எழுத்து கோணினாலும் காரணம் தயாராகப் புத்தகத்தில் இருக்கிறது.

லீவுக் கடிதம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வரியை அடித்தால்தான் திரும்புவேன். கன்னியம்மா வழியெல்லாம் திட்டினாள். "ஒரு கோட்டுக்கோசரம் வேலைய வுடுவியா நீ?" என்றாள். ஆமாம், விடுவேன். வீட்டில் அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் பயம்தான். ஆனாலும் போக மாட்டேன்.

அஃப்சர்

*

மாம்பலம்
1-12-1933

அஃப்சர்,

உன்னோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. கையில் கொடுத்ததைக் கீழே போட்டுவிட்டுப் போவாயா? 15-ந் தேதிக்குள் நீ திரும்பாவிட்டால் நீயாக விலகியதாக எடுத்துக்கொள்வதென்று வேதாந்தம் உத்தரவு போட்டிருக்கிறார். இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்?

விஸிட்டர் புத்தகம் சபையின் ரிஜிஸ்தர். அதில் கீழே எழுதலாம், அடிக்கக் கூடாது. அடித்தால் என் ஜனவரி போய்விடும், அது உனக்குத் தெரிந்தும் கேட்கிறாய். நான் செய்தது போதாதா என்று ஒரு சமயம் தோன்றுகிறது. போதாது என்று மறு சமயம் தோன்றுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். பால் பொங்கிவிட்டது. மன்னி இன்றைக்கு வாயைத் திறந்தே கேட்டாள். "ஊர்ல இருக்கறவாளோட வம்பு வளக்கத்தான் உனக்கு உத்தியோகமா?"

நேற்று உன் வகுப்பை எட்டிப் பார்த்தேன். தற்காலிகமாக வந்திருக்கும் பெண் மேலிருந்து எழுதச் சொல்கிறாள். அடியிலிருந்து எழுதினால் பிரம்பால் தட்டுகிறாள். ஜானு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ பிடிவாதக்காரி. இந்தக் கடிதத்தில் நான் எதற்கும் சம்மதிக்கவில்லை.

விசாலம்

*

மாம்பலம்
12-12-1933

அஃப்சர்,

நேற்றுக் காலை அடித்துவிட்டேன்.

யாருமில்லாத நேரம் பார்த்துச் செய்யலாம் என்று முதலில் யோசித்தேன். அதுவும் கோழைத்தனம் என்று பட்டது. வேதாந்தம் வருகிற நாளாகப் பார்த்துப் போனேன். கோமளம்மாளும் அவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தைத் திறந்து, அந்த வரியின் மேல் இரண்டு கோடு இழுத்தேன். ஓரத்தில், "இது உண்மையல்ல. நிரந்தர வேலைக்கு ஆசைப்பட்டு எழுதினேன். விசாலாக்ஷி" என்று எழுதித் தேதி போட்டேன். எழுத்து படு மோசம்.

"ரிஜிஸ்தர்ல கைய வெக்கப்படாதுன்னு உமக்குத் தெரியாதா?" என்று வேதாந்தம் கத்தினார். தெரியும் என்றேன். "ஜனவரியிலேர்ந்து நீர் வரவேண்டாம்" என்றார். அதுவும் தெரியும் என்றேன். அவர் உன் பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கினார். கோமளம்மாள் எழுந்து, "அவங்க புதன்கிழமை வகுப்புக்கு வர்றாங்க, சார். நீங்க சொன்ன தேதிக்குள்ளதானே?" என்று அமைதியாகக் கேட்டார். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெளியே வந்ததும் பஸ் ஏறாமல் கடற்கரையோரமாக நடந்தேன். பெரிய காரியம் செய்ததாகத் தோன்றவில்லை. முதல் நாளே எழுதாமல் இருந்திருந்தால் போதும். அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது.

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. புதன்கிழமை தவறாமல் போய்விடு. ஜானுவுக்காகவாவது போ.

விசாலம்

*

கச்சேரி ரோடு
22-12-1933

விசாலம்,

புதன்கிழமையே போனேன். பத்து நாளாகக் கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது நோன்பு மாதம் வேறு. மாலைக்குள் பேனா பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை.

புத்தகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் நீ எழுதியதையும் பார்த்தேன். அழுதேன். கோமளம்மாள் பார்த்துவிடக் கூடாதென்று அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன், பார்த்துவிட்டார். நீ ஆறு வரி எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதைப் படித்தபோது உன்னைத் தெரிந்தது.

ஜானு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள் தானாகக் கடைசிக் கோட்டுக்குப் போனாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் பயம் ஒட்டியிருக்கிறது. போய்விடும்.

அண்ணா உன்னோடு பேசுவதில்லை என்று கன்னியம்மா மூலம் தெரியும். அவளுக்கு மாம்பலம் வரைக்கும் ஆள் இருக்கிறது. முதல் வகுப்பு டீச்சர் புருஷனுக்கு மாற்றலாகி மதுரைக்குப் போகிறாள். ஜனவரியில் அந்த இடம் காலி. உன்னைப் போடலாமா என்று கோமளம்மாள் வேதாந்தத்திடம் கேட்டாராம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதனால் போட்டாயிற்று என்கிறார் கோமளம்மாள். மேற்பார்வை கிடையாது. நாற்பது குழந்தைகளுக்குப் பலப்பம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும், மூக்கும் துடைக்க வேண்டும். மூன்று பள்ளிக்கூடம் சுற்றியவளுக்கு இது இறக்கம்தான். மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அது முழுதும் தீரட்டும் என்று காத்திருந்தால் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்யாண வயசு வந்துவிடும். ஜனவரி எட்டாம் தேதி திங்கட்கிழமை, ஒன்பதரை மணிக்கு மணி அடிப்பார்கள். வந்து சேர்.

அஃப்சர்